ஆறு அடுக்கு கவுன்

திருக்கார்த்திகைக்கு மறுநாள், வியாழன்.

தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய் ஹரிணியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்து வயசுப் பிள்ளை. இரண்டு காலிலும் தீக்காயக் கட்டு. அவள் நேற்று போட்டிருந்த நெட் கவுனைத் தைத்தது நான்.

பாலே ஆடுகிற பெண்ணின் படத்தைப் போனில் காட்டி, "இதே மாதிரி குடையா விரிஞ்சு நிக்கணும்க்கா" என்று கேட்டாள் அவள் அம்மா செல்வி. விறைப்பாக நிற்கிற கேன்கேன் வலைத்துணியை உள்ளே ஆறு அடுக்கு வைத்துத் தைத்தேன். தைக்கிற விதம் பார்த்த வீடியோவிலேயே சொன்னார்கள், அந்தக் காலத்தில் மேடை விளக்குத் தீயில் பாவாடை பட்டு ஆட்டக்காரிகள் எரிந்து செத்திருக்கிறார்கள் என்று. தீப்பிடிக்காத துணி இருந்தும், அழகு குறையும் என்று வேண்டாமென்றார்களாம். எங்கள் ஊர் மேலகரத்தில் ஏது மேடை விளக்கு என்று நினைத்தேன். கார்த்திகைக்குப் போடத்தான் கேட்கிறாள் என்று தெரியும். வாசலெல்லாம் தரையில் அகல் எரியும் என்றும் தெரியும். விரிந்து நிற்கிற கவுனின் ஓரம் எதில் படுகிறதென்று சுற்றி ஆடுகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நான் செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் செல்வி என்னைத் திட்டியிருக்கலாம். "நீங்க என்னக்கா செய்விய, நான்தான ஆசப்பட்டேன்" என்றாள்.

ஹரிணி கண் விழித்து என்னைப் பார்த்தாள். "அத்தை, என் கவுனத் தச்சுத் தந்துருவியளா?"

தலையாட்டினேன். உருகித் தோலோடு ஒட்டிய கவுனைக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தார்கள். அதையும் சொல்லவில்லை.