வெட்டிய கிளை

நியூஃபவுண்ட்லாந்து, செப்டம்பர்

அருமைக் கிழவனுக்கு,

என் மூட்டுவலிக்கென்று இங்கே சட்டம் அனுமதிக்கிற கணக்கில் நீ முதன்முதலாக வைத்த நாலு கஞ்சாச் செடிகளை இந்த மழை சும்மா விடவில்லை. ஆனாலும் பழைய படகுப் பாய்த்துணியில் நீ போட்ட கூரை, காட் மீன் வலைக் கயிற்றால் கட்டிய கட்டு, எதுவும் அசையவில்லை. கெட்டிக்காரன்தான் நீ. ஊரே வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறது.

அந்தப் பெரிய பூக்கொத்து மட்டும் உள்ளுக்குள் அழுகியிருந்தது. வெளியே பார்த்தால் தெரியவே இல்லை. பக்கத்து வீட்டு பிளான்ச்தான் பிரித்துக் காட்டினாள்.

"வெட்டிடு கண்ணு. பாவம் பாத்தா செடியே போயிடும்," என்றாள்.

நீ ஆசையாக வளர்த்ததாயிற்றே என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் பூஞ்சை கீழ்க்கிளைக்கும் இறங்கிவிட்டது. அழுதுகொண்டேதான் இரண்டையும் வெட்டினேன்.

இன்று வெயில் அடித்தது. மிச்சக் கிளைகள் என்னமாய் நிமிர்ந்து நிற்கின்றன தெரியுமா!

"எதையும் வெட்ட விடமாட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கத்தினாயாமே. டாக்டர் கேட்பது சர்க்கரையால் அழுகிப்போன ஒரு கால்விரல்தான், முட்டாளே. கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்.

உன் வீட்டுக்காரி