காந்திமதிக்குப் பரிசு

12-2-1955, சனி

என் வீட்டுக்காரர் இறந்தபின் இவர் பெயரில் சர்வகலாசாலை ஏற்படுத்திய நினைவுப் பரிசு, இந்த வருஷம் கரிவலம்வந்தநல்லூர் காந்திமதிக்கு. சட்டசபை நடக்கும்போது அங்கத்தினர்களிடம் வேலை பழகிய மாணவர்களில் அவள்தான் முதல். நாளை இங்கே ஹைஸ்கூலில் விழா. என் கையால் கொடுப்பதாக ஏற்பாடு.

சாயங்காலம் அவளும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இப்பத்தான் இவளுக்கு நிச்சயம் ஆயிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் நாளைக்கு வாராங்க..."

புரிந்துவிட்டது. "தாசில்தார் சம்சாரத்தைக் கொடுக்கச் சொல்லுதேன்" என்று நானே முந்திக்கொண்டேன்.

"அப்படின்னா எனக்குப் பரிசே வேண்டாம்" என்றாள் காந்திமதி.

"ஏட்டி, சும்மா இரி. அவங்களே சொல்லுதாங்கல்லா? சட்டசபைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து எல்லாத்துக்கும் எதிர்க்கட்சிதான்."

காந்திமதி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவிடம் மல்லுக்கு நின்றிருப்பாள். "அம்மா சொல்லுததைக் கேளு" என்றேன்.

பெரிய மனசு என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டு போகிறாள். பெரிய மனசெல்லாம் இல்லை. பின்னால் அந்தக் கல்யாணத்தில் ஏதாவது ஒன்று ஆனால், ஊர் என்னைத்தான் சொல்லும் என்ற பயம். நான் பி.ஏ. படித்து என்ன?

பரிசை வேறு யாரோ கொடுப்பதுகூடப் பெரிதில்லை. புறப்படும்போது ஆசீர்வாதம் வாங்க அவள் குனிந்தாள். அம்மா தடுக்கவில்லை. நான்தான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.