கதவு மூடாமல் நகராத வண்டி

ஜூன் 3, செவ்வாய்
புது வண்டிக்கு என் பெயர் வந்திருக்கிறது. தாழ்தளப் பேருந்து. எங்கள் டிப்போவுக்கு வந்ததே இரண்டு வண்டிதான். "பாண்டியராஜன், உம்ம பேர்ல இது வரைக்கும் ஒரு தண்டனைக் குறிப்பு கிடையாது, அதான் உம்மப் போட்டேன்" என்றார் கிளை மேலாளர். கேட்டுக்கொண்டு நின்றேன். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்.

என் வீட்டுக்காரி செல்விக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலமே கடைக்குப் போய் யூனிபார்முக்குக் காக்கித் துணி எடுத்து வந்துவிட்டாள். வழக்கம் போல உப்பாற்று விலக்கு நிறுத்தத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஞானபாக்கியத்திடம்தான் தைக்கக் கொடுக்க வேண்டுமாம்.

ஜூன் 5, வியாழன்
பயிற்சி. வண்டியில் படியே இல்லை. நின்றதும் ஒரு பொத்தானை அழுத்தினால், மாடு படுக்கப்போகும் முன் காலை மடக்குமே, அதுபோல ஓரப் பக்கம் தாழ்கிறது. நடுக்கதவுக்கு அடியில் ஒரு பலகை மடித்து வைத்திருக்கிறது. கண்டக்டர் அதை விரித்துப் போட்டால் சக்கர நாற்காலி நேராக உள்ளே போய்விடும். ஆனால் நான் வண்டியை ஓரத்தோடு ஒட்டி நிறுத்த வேண்டும். நடுரோட்டில் நிறுத்தியே பழகிய கை. நாலு தடவை தப்பாகப் போனது.

பயிற்சி கொடுத்தவர் கடைசியில் சொன்னார்: கதவு திறந்திருந்தால் இந்த வண்டி நகராது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நகராது. "இனிமே விசில் ஊதுனான், ஊதலன்னு யாரும் கதை சொல்ல முடியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 6, வெள்ளி
இன்று எழுத ஒன்றுமில்லை — இதுவும் பொய்தான்.

ஜூன் 9, திங்கள்
கண்டக்டர் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். என் வண்டிக்குத் தங்கப்பாண்டி. வெளியூர் டிப்போக்களில் பத்து வருஷம் கிடந்துவிட்டு மாற்றலாகி வந்திருக்கிறான். "வணக்கம் டிரைவர் சார்" என்றான். முன்பெல்லாம் அண்ணாச்சி என்பான்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதியதில்லை. 2014, உப்பாற்று விலக்கு. ஞானபாக்கியம் துணிமூட்டையோடு பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த நிறுத்தத்தில் எப்போதும் ஒருவரோ இருவரோதான் இறங்குவார்கள். மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு எடுத்துவிடுவது என் பழக்கம். அன்றும் எண்ணினேன், எடுத்தேன். அவள் தவறி விழுந்து, பின்சக்கரத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தங்கப்பாண்டி விசில் ஊதவே இல்லை.

விசாரணையில், "விசில் கேட்டுத்தான் எடுத்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். இல்லை என்று அவன் எழுதிக் கொடுத்தான். வேறு சாட்சி கிடையாது. என் சர்வீஸைப் பார்த்து என்னை நம்பினார்கள். மகள் ஜெயபிரியாவுக்கு அப்போது நாள் குறித்திருந்தது. அவனுக்கும் பெண் பேசி வைத்திருந்தார்கள். என் மகள் கல்யாணம் நடந்தது. ஒரு பொம்பளையின் காலை எடுத்தவனுக்குப் பெண் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுடையது நின்றது.

ஜூன் 11, புதன்
ஞானபாக்கியத்தின் தையல் கடைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போனவன் நான் ஒருவன்தான் என்று இன்றும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். என் உடம்பில் கிடக்கிற காக்கி எல்லாம் அவள் தைத்தது. இதை எப்படிப் போட்டுக்கொண்டு திரிந்தேன் இத்தனை வருஷம்?

பலகையைப் பற்றிச் சொன்னேன். தன் சக்கர நாற்காலியின் அகலத்தை டேப்பால் அளந்து, போகுமா என்று இரண்டு தடவை கேட்டாள். "பதினோரு வருசமா அடுத்தவங்க வாங்கிட்டு வார நூல்லதான் தைக்கேன் அண்ணாச்சி. மெரூன் கேட்டா செவப்பு வாங்கிட்டு வருதான் மவன். டவுன் கடையில நானே உக்காந்து நூல் பாத்து எடுக்கணும்" என்றாள். நான் ஓட்டுகிற வண்டி என்றால் பயமில்லாமல் ஏறுவாளாம்.

கண்டக்டர் யார் என்று கேட்டாள். சொன்னேன். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டாள். "அவன் விசில் ஊதுத வண்டியில நான் ஏறமாட்டேன். உங்களுக்காகக்கூட ஏறமாட்டேன்."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். காக்கித் துணியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி
வெள்ளோட்டம். துறைமுகத்திலிருந்து பழைய பஸ் நிலையம் வரை. உப்பு லாரிகள் நசுக்கிப் போட்ட ரோட்டில் இரண்டு இடத்தில் வண்டியின் அடி தட்டியது. உப்பாற்று விலக்கில் ஓரத்தோடு ஒட்டி நிறுத்தினேன். ஒரு விரல் இடைவெளி, அவ்வளவுதான். தங்கப்பாண்டி இறங்கிப் பலகையை விரித்தான். அதன்மேல் கிடந்த மணலைக் கையால் தட்டிவிட்டான். பிறகு தையல் கடையைப் பார்த்தபடி அப்படியே நின்றான். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

பலகையை மடித்துவிட்டு ஏறினான். கதவை மூடினேன். மூடிய பிறகுதான் வண்டி நகர்ந்தது.

ஜூன் 16, திங்கள்
சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு யாரும் விசில் ஊதல தங்கச்சி. நான்தான் பாக்காம வண்டிய எடுத்தேன். அவன் மேல பொய்யா எழுதிக் குடுத்தேன்." மெஷின் நிற்கவில்லை. அந்தத் தையலை முடித்து நூலை அறுத்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"கால் போனதுக்கு உங்கள நான் ஒண்ணும் கேக்கல. பதினோரு வருசமா ஒரு தப்பும் செய்யாத பையனச் சபிச்சிருக்கேனே, கோயில்ல முழங்கால் போட முடியாம உக்காந்து சபிச்சிருக்கேன். அதுக்கு நான் யார்ட்டப் போயி மன்னிப்பு கேப்பேன்?"

போங்க என்றாள். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்
நடந்ததை மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் ஏன் ஓய் இந்த வேலை, கிழித்துப் போட்டுவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சொல்லும்போது, கிழித்துவிடட்டுமே என்று ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

செல்வியிடமும் சொன்னேன். சாப்பாடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 21, சனி
தங்கப்பாண்டி வீட்டுக்கு வந்தான். கையில் என் காக்கித் துணி. வெட்டவே இல்லை, கொடுத்தபடியே மடிப்பு. ஞானபாக்கியம் கொடுத்துவிட்டாளாம். "அந்த அக்கா என் கையப் பிடிச்சிட்டு அழுதாவ. எனக்குத்தான் தாங்கல" என்றான்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னான்:

"எனக்கு அப்ப இருபத்தேழு வயசு, அண்ணாச்சி."

அண்ணாச்சி என்றான். வேறு எப்படிக் கூப்பிட்டிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

ஜூன் 30, திங்கள்
விசாரணை முடியும்வரை எனக்குப் பழைய வண்டி.

ஜூலை 9, புதன்
காலை பத்தே கால் இருக்கும். உப்பாற்று விலக்கில் நிறுத்தினேன். உப்பளத்துப் பெண்கள் மூன்று பேர் பின்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள். எனக்கு முன்னால் டவுனுக்குப் போகும் தாழ்தள வண்டி ஓரத்தோடு ஒட்டி நின்று தாழ்ந்தது. வேறு டிரைவர்; நன்றாகத்தான் நிறுத்தினான். தங்கப்பாண்டி பலகையை விரித்தான். ஞானபாக்கியம் மடியில் ஒரு பையோடு நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு ஏறினாள். பாதிப் பலகையில் சக்கரம் தயங்கியது. அவன் பின்னால் கை வைத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நூல் எடுக்கத்தான் போகிறாள். பையின் வாயில் மெரூன் துணி நீட்டிக்கொண்டிருந்தது.

என் கண்டக்டர் விசில் ஊதினார். கேட்டது. முன்னால் நின்ற வண்டியின் கதவு இன்னும் மூடவில்லை; நானும் எடுக்கவில்லை. என்ன டிரைவரே என்று யாரோ கேட்டார்கள். கதவு மூடி அந்த வண்டி நகர்ந்தது. கண்டக்டர் மறுபடி ஊதினார். பின்படியைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்தேன்.