மூன்று மணிக்கு மேல் யாரும் போகவில்லை

உன் மேசை இழுப்பறையை இன்று திறந்தேன். மேல்மலையில் உன் ஊரான போளூரிலிருந்து நீ கொண்டுவந்து போட்ட பூண்டு முளைவிட்டிருந்தது. செண்பகனூரில் நம் அலுவலக ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே அந்த வாடை. அட பாவி, நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய் என்றே நினைத்தேன்.

மேல்மலைச் சாலையின் சோதனைச்சாவடிக்கு நாம் ஒரு தரவுத்தளம் செய்துகொடுத்தோம். எந்த வண்டி எப்போது போனது என்று கேட்டால், அத்தனை பதிவுகளையும் படித்துவிட்டு நான்கு நிமிடம் கழித்துத்தான் பதில் சொல்லும். நீதான் வழி கண்டுபிடித்தாய். பனி நாளில் மூன்று மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதை ஒரு விதியாக எழுதிவிட்டால், அதற்குப் பிந்தைய நேரத்தைக் கேட்கும்போது பதிவுகளைத் தொடவே வேண்டாம்.

"இல்லாத எடத்துல எதுக்குத் தேடிக்கிட்டு? வெரசா இல்லைன்னு சொல்லிட்டுப் போகட்டும்" என்றாய். தட்டச்சு செய்தது நான். பதில் கண் இமைப்பதற்குள் வந்தது. டீ வாங்கிக் குடித்தோம்.

பிறகு ஒரு பனி நாள். மூன்றரைக்கு நீ வீட்டுக்குக் கிளம்பினாய். மறுநாள் வெள்ளனே உன் அம்மா போனில் அழுதார். "புள்ள இன்னும் வந்து சேரலயே தாயி."

மூன்றரைக்கு மேல் சாவடியைத் தாண்டினாயா என்று கணினியைக் கேட்டேன். இல்லை என்றது, உடனே. நம்பிவிட்டேன். சாவடிக்கு இந்தப் பக்கமே, பெருமாள்மலை வரை, இரண்டு நாள் தேடினோம்.

மூன்றாம் நாள் சாவடிக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "நம்ம போளூர்ப் பயதானேன்னு தொறந்து விட்டேங்க. உள்ளூர்க்காரங்களுக்குக் கேட்டு ஏது? ஆனா கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேங்க."

நீயே எத்தனை பனி நாள் அப்படிப் போயிருப்பாய்! விதி எழுதும்போது அது உனக்கும் உறைக்கவில்லை. விதியை நீக்கிவிட்டு மறுபடி கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. உன் வண்டி எண், நேரம் நான்கு பத்து. இரண்டு நாளாக அந்த வரி அங்கேயேதான் இருந்திருக்கிறது.

சாவடி தாண்டி இரண்டாவது வளைவில் வண்டி ஒழுங்காக நிறுத்தியிருந்தது. கண்ணாடியில் ஹெல்மெட் மாட்டியிருந்தது. உன்னை மட்டும் இன்றுவரை காணோம். காலடித் தடம் ஒன்றுகூட மழையில் மிஞ்சவில்லை. முதல் நாளே போயிருந்தால் மிஞ்சியிருக்கும். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

விதியை நான் திரும்பப் போடவில்லை. "ஏங்க இவ்வளவு ஸ்லோவா கெடக்கு?" என்று மேலாளர் கத்துகிறார். கத்தட்டும். நடந்து வருபவர்களின் பெயரையும் சாவடியில் பதிவு செய்வார்கள். அதனால் பனி இறங்கும் நாளெல்லாம், மூன்று மணிக்கு மேல், உன் பெயரைக் கேட்கிறேன். கணினி ஒவ்வொரு பதிவாகப் படித்துக்கொண்டே போகிறது. அந்த நான்கு நிமிடமும் நீ இல்லை என்று அது சொல்வதில்லை.