கிருபாவுக்கு, குப்பையில் போட்ட பொம்மையைப் பற்றி

பூஞ்சேரி
14-9-1976

அன்பு மகள் கிருபாவுக்கு நைனா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டோம், எமிலி சுகமாக இல்லை என்றும் கண்டோம். இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை, கிணற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கிறது, அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டு வருகிறது, மகாபலிபுரத்தில் மளிகைக் கடை வாசலில் என் மெஷின் ஓடுகிறது, பள்ளிக்கூடத்து உடுப்பு கொஞ்சம் தைக்க வந்திருக்கிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் உன் கடிதத்துக்குப் பதில்.

குழந்தை வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, உன்னிடம் ஒட்டவில்லை, ஒரு அழுக்குத் துணிப் பொம்மையை அம்மா அம்மா என்று கட்டிக்கொண்டே கிடந்தாள், கிருமி சேரும் என்று அதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன், வண்டி வந்து அள்ளிப் போயிற்று, அன்று முதல் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். பெற்றவள் நான் இருக்க, உன் அம்மாவை அம்மா என்று கூப்பிடப் பழக்கியதும் போதாமல், அவள் ஞாபகத்துக்கு ஒரு பொம்மையும் தைத்து அனுப்பிவிட்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் உன் அம்மாவுக்கு வாசிக்காமல் தாண்டியிருக்கலாம். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை, வாசித்துவிட்டேன்.

ஏழு மாதக் குழந்தையை நீ விட்டுப் போனபோது இரண்டு பேருக்கும் ஷிப்டு டூட்டி, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றாய், நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை வந்தாய், எட்டு நாள் இருந்தாய். இப்போது உங்கள் ரூர்கேலாவிலிருந்து மதுராந்தகத்துக்குத் தாய் வீடு வந்திருந்த சாரதாம்பாளோடு குழந்தையை அனுப்பச் சொல்லி எழுதினாய். செங்கல்பட்டைத் தாண்டாத குழந்தை, இரண்டு நாள் ரயில், கூட வருவது அவளுக்கு முன்பின் தெரியாத ஒருவர். ஜன்னல் ஓரத்தில் அழாமல் எப்படி உட்கார வைப்பது என்று யோசித்துத்தான் நான் தைக்க உட்கார்ந்தேன். காக்கித் துணியில் எட்டுப் பக்கம் வைத்து ஒரு புத்தகம். ஒரு பக்கத்தில் சின்னச் சட்டை, மூன்று பொத்தான், காஜா எடுத்தது. ஒரு பக்கத்தில் பூட்ஸ், கயிறு கோத்துக் கட்டலாம். ஒரு பக்கத்தில் லாரி, சக்கரமெல்லாம் பிரஸ் பட்டன். கடைசிப் பக்கத்தில் கட்டுமரமும் கொசுவலைத் துணியில் வலையும், வலைக்குள் ஐந்து மீன், ரயிலில் ஜன்னல் வழியே போய்விடாதபடி ஒவ்வொன்றையும் நூலில் கட்டி வைத்தேன். முதல் நாளே கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தாத்தா இன்னொண்ணு இன்னா கீது என்றாள். பிரித்துவிட்டு இன்னும் கஷ்டமாகத் தைத்தேன். சோதித்துப் பார்க்க அவளைச் செங்கல்பட்டு பஸ்ஸில் கூட்டிப் போனேன், திருக்கழுக்குன்றம் வரைக்கும் தலை நிமிராமல் மீன் பிடித்தாள், அதற்கப்புறம் அம்மாவக் குடு என்றாள். அந்த அம்மாதான் நீ தூக்கிப் போட்டது.

அந்தப் பொம்மை ரயிலுக்கென்று தைத்ததில்லை கிருபா. குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது உன் அம்மா கேட்டுத் தைத்தது. நீ நர்சு படிப்புக்குப் பெட்டியோடு புறப்பட்ட அன்று கட்டியிருந்த நீலச் சேலை, வெள்ளைப் புள்ளி போட்டது, பிறகு லீவுக்கு வந்தபோது கிழிந்தது என்று இங்கே விட்டுப் போனாயே, அதில்தான் வெட்டினேன். ஓரம் அடித்துக் கொடுத்ததும் நான்தான், எனக்குத் துணி மறக்காது. தினம் சாயங்காலம் சோறு ஊட்டும்போது உன் அம்மா அதை எதிரே உட்கார வைப்பாள். பாருடி, இதான் உங்கம்மா, ஆசுபத்திரில வேலையா கீறா, எமிலி துன்னாளான்னு கேக்கறா பாரு என்பாள். தன்னை ஆயா என்றுதான் கூப்பிட வைத்தாள். ஒருநாள் குழந்தை காய்ச்சலில் இவளைக் கட்டிக்கொண்டு அம்மா என்றதற்கு, நான் உங்கம்மா இல்லடி, ஆயாடி என்று திருத்திவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் வெகுநேரம் நின்றாள். குழந்தை ராப்பகலாய்க் கட்டிக்கொண்டு கிடந்தது உன்னை. நீ தூக்கிப் போட்டதும் உன்னைத்தான்.

ரயில் ஏறும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு மனசு ஆறியிருக்கும். பெட்டியில் இருந்தவர்களிடம் எல்லாம் பொம்மையைக் காட்டி, நான் அம்மாவாண்ட போய்க்கினுகீறேன் என்றாள். சாரதாம்பாள் போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போட்டார்கள். வழியெல்லாம் புத்தகத்தை வைத்துக்கொண்டு சமத்தாய் வந்தாளாம், ரூர்கேலாவில் இறங்கியதும் பொம்மையைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பொம்பளை முகமாகப் பார்த்தாளாம். நீ ஸ்டேஷனுக்கு வரவில்லை. மாப்பிள்ளையும் வரவில்லை. ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போடாத குறையாய்ப் பார்சல் மாதிரி அவளை வாங்கிப் போனாராம். டூட்டி இருந்திருக்கும். இருக்கட்டும். அன்று ஒரு நாள் லீவு கேட்டிருந்தால் அந்தக் குழந்தை துணியையும் உன் முகத்தையும் ஒன்றாகப் பார்த்திருக்கும், இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

கடிதத்தை வாசித்து முடித்ததும் உன் அம்மா, அது அவதான்னு அவளுக்கே தெரியலியா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்து மிச்சச் சேலையை எடுத்து வந்து என் மெஷின்மேல் போட்டாள். இன்னொண்ணு தச்சு நாளைக்கே தபால்ல அனுப்புங்க, புள்ள பட்டினி கிடக்குது என்றாள். நான் மாட்டேன் என்றேன். இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தாள். நான் தைத்தால் திரும்பவும் அது எங்கள் பொம்மையாகத்தான் வந்து சேரும். சேலையை மடித்துக் காகிதத்தில் கட்டி, ஊசியும் நூல் உருண்டையும் இலவம்பஞ்சும் சேர்த்துப் பார்சல் போட்டிருக்கிறேன். டூட்டி முடிந்து வந்து நீயே தை. குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தை, பஞ்சு அடைக்க அவளை விடு. கோணலாய் வந்தால் வரட்டும். இதுதான் அம்மா என்று நீ சொல்லிக் கொடுக்காதே, அவளாகச் சொல்லட்டும். சொல்லாமலும் இருக்கலாம், எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. எத்தனை நாள் ஆனாலும் அதற்காக அவளை அடிக்காதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஆண்டவர் நல்ல உடம்பையும் பொறுமையையும் கொடுக்கட்டும் என்று இரண்டு பேரும் ஜெபிக்கிறோம். பொம்மைக்குக் கண் வைக்கும்போது பொத்தான் வைக்காதே, பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வாள், கறுப்பு நூலால் தை. சோற்றில் ரசம் ஊற்றிக் கரைத்துக் கொடு, அது இறங்கும். அவள் மேல எனக்கு கோவம் இல்லன்னு எழுதுங்க என்று உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள், எழுதிவிட்டேன். எனக்கு இருக்கிறது.

இப்படிக்கு
உன் நைனா
தேவசகாயம்