மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

அக்டோபர் 6, 2025 – திங்கள்

எங்கள் ஊர் கூக்கால் ஏரிப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்காகக் கோகுல் போட்டிருக்கும் கூடாரங்களுக்கான தீபாவளி கரோசல், போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் விளம்பரப் படவரிசை, முடிந்தது. பத்துப் படங்களையும் காலையிலேயே அனுப்பிவிட்டேன். முதல் ஸ்லைடில் பனி, இரண்டில் பாதை, மூன்று, நான்கு, ஐந்தில் வேல்ராஜ் அண்ணன் போன மாதம் எனக்கு எடுத்து அனுப்பிய ஏரி. ஒரே அகலப் படத்தை மூன்றாக வெட்டி, ஒட்டுத் தெரியாமல் வைத்திருக்கிறேன். விரலால் தள்ளினால் ஏரி அப்படியே நகர்ந்து வரும். நடுவில் விரல் தயங்கக் கூடாது. தயங்கினால் பார்க்கிறவன் போய்விடுவான்.

ஒரே ஒரு தொல்லை. ஊர்க்காரர்கள் கரையில் நட்ட சிவப்புத் துணிக் கம்பு, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே சரியாக வெட்டுப்பட்டது. பாதித் துணி இங்கே, பாதித் துணி அங்கே. பார்க்கச் சகிக்கவில்லை. படத்தை நகர்த்தினால் மரம் வெட்டுப்படுகிறது. கம்பை அழித்தேன். ஒன்றை அழித்த கை சும்மா இருக்குமா, மற்ற மூன்றையும் அழித்தேன். பக்கத்துப் புல்லை எடுத்து அந்த இடத்தில் பூசினேன். சும்மா சொல்லக் கூடாது, பாய் விரித்துப் படுக்கலாம் போல இருக்கிறது.

அக்டோபர் 8 – புதன்

பதிவு பறக்கிறது. கோகுலுக்குத் தலைகால் புரியவில்லை. "நதியா, எல்லாரும் நாலாவது ஸ்லைடைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புறாங்க. இந்த ஸ்பாட் எங்கேன்னு ஒரே கேள்வி. தீபாவளி லீவு முடியிற வரைக்கும் டென்ட் ஃபுல்!"

நான் குடியிருக்கும் நாயுடுபுரத்தில் ஒரு பேக்கரிக்குப் போய் எனக்கு நானே ஒரு பிளம் கேக் வாங்கித் தின்றேன்.

அக்டோபர் 11 – சனி

அண்ணன் போன் செய்தான். பூண்டுக்குக் களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிவிட்டுக் கடைசியில் சொன்னான்: "ஏத்தா, ஏரிக்கரைக் கம்புல ரெண்டை எவனோ புடுங்கிப் போட்டிருக்கான். தங்கமுத்துதான் ஆடு கட்டப் புடுங்கியிருப்பான்னு ஊரே அவனை வையுது."

"அப்படியாண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த இடம் எனக்குத் தெரியாததா? போன ஐப்பசியில் காளியாயி பெரியம்மாவின் பசு அங்கேதான் இறங்கியது. மேலே பச்சைப் புல், கீழே இடுப்பளவு புதைசேறு. ஆறு பேர் கயிறு போட்டு இழுத்தோம். ஆறில் நான் ஒருத்தி. கரைக்கு வந்த பிறகுதான் பசு செத்தது. மறுநாளே கம்பு நட்டார்கள்.

தங்கமுத்து எதற்குப் புடுங்கப் போகிறார்? படத்தில் கம்பு இல்லை. அதே போல எனக்கும் படம் வேண்டும் என்று வந்த எவனோ – இல்லை. இருக்காது. ஆடு கட்டத்தான் இருக்கும்.

அக்டோபர் 12 – ஞாயிறு

ஊரிலிருந்து போன் இல்லை. நானும் போடவில்லை.

அக்டோபர் 13 – திங்கள்

நேற்று சாயங்காலம் மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் அந்தச் சேற்றில் இறங்கிவிட்டாள். இடுப்பு வரைக்கும். பெரியம்மா பார்த்துக் கத்தி, பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸ் குழாயை வீசியிருக்கிறாள். நாலு பேர் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, முழங்கால் பிசகியிருக்கிறது. அவள் புருஷன், "இதுல புல்லுதானே இருக்கு, புல்லுதானே இருக்கு" என்று போனைக் காட்டிக் காட்டி அழுதானாம்.

அந்த போனை அண்ணனும் பார்த்துவிட்டான்.

"நான் உனக்கு அனுப்புன படம் மாதிரியே இருக்குத்தா. ஆனா நம்ம படத்துல கம்பு இருந்துச்சுல்ல?"

"வேற யாராச்சும் எடுத்திருப்பாங்கண்ணே."

எப்படி அவ்வளவு வெரசாச் சொன்னேன்? பொய் சொல்ல ஒரு மூச்சுகூட எடுக்கலையே நான்.

அக்டோபர் 14 – செவ்வாய்

போட்டுவிட்ட கரோசலில் ஒரு படத்தை நீக்கலாம், அந்த இடத்தில் வேறு வைக்க முடியாது. மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். கோகுலிடம் சொன்னேன்.

"லீவு முடியட்டும் நதியா. ஓடுற குதிரையை யாராவது நிறுத்துவாங்களா? பத்திரமா போங்கன்னு கமென்ட்ல ஒரு லைன் போட்டுடலாம். ஏரின்னா சேறு இருக்கத்தானே செய்யும்?"

தங்கமுத்து இனி ஆடுகளை ஏரிப் பக்கம் ஓட்டக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். அந்த மனிதர் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். கோகுலின் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. ஆனால் பக்கம் அவருடையது. இன்னும் ஆறு நாளில் தீபாவளி.

அக்டோபர் 16 – வியாழன்

மத்தியானம் பதிவை நீக்கினேன். அரை மணியில் கோகுல்: "யாரைக் கேட்டு எடுத்தீங்க? மூணு வருஷமா உங்களை நம்பினேனே!" நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். மூன்று மணிக்குப் பாஸ்வேர்டு மாறிவிட்டது. நாலு மணிக்கு அதே பத்துப் படங்கள் திரும்ப வந்துவிட்டன. போதாக்குறைக்கு ஊர் சுற்றிக் காட்டும் பக்கங்கள் மூன்று அதை எடுத்துப் பகிர்ந்திருக்கின்றன.

என்னிடம் மிச்சம் இருப்பது என் சொந்தப் பக்கம். இரண்டே ஸ்லைடு செய்தேன். அண்ணனின் படத்தை அப்படியே எடுத்து, கம்பு நடுவில் வெட்டுப்படும்படியே வெட்டினேன். கீழே எழுதியது: "இது புதைசேறு. படத்தில் இருந்த கம்புகளை அழித்தது நான். கம்பைத் தாண்டாதீர்கள். – நதியா, கூக்கால்."

இன்னும் போடவில்லை. அண்ணன் பார்ப்பான். பயமா இருக்கு.

அக்டோபர் 17 – வெள்ளி

முதலில் அண்ணனுக்கு அனுப்பினேன். அப்புறம்தான் போட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். "நீயும்தானத்தா அன்னிக்குக் கயிறு புடிச்ச?"

அவ்வளவுதான் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 19 – ஞாயிறு

வெள்ளனே கிளம்பி முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். என் பதிவை இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கோகுலுடையதை எத்தனை ஆயிரம் பேர் என்று பார்க்கத் துணிவில்லை.

அண்ணன் கரையில் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. சிவப்புத் துணியை மட்டும் நீட்டினான். கட்டினேன். கொஞ்ச தூரத்தில் தங்கமுத்து, ஆடுகளை ஏரிப் பக்கம் வரவிடாமல் மறித்தபடி நின்றிருந்தார்.

புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. போனைக் கையில் உயர்த்திப் பிடித்து, ஏரியோடு பொருத்திப் பொருத்தி நடந்தார்கள். போனில் நாலாவது ஸ்லைடு. என் வேலை.

"அக்கா, போட்டோல இந்தக் கம்பு இல்லையே. கொஞ்ச நேரம் புடுங்கிக்கவா? ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு நட்டுடுறோம்."

"போட்டோலயும் இருந்துச்சும்மா. நான்தான் அழிச்சேன்."

தங்கமுத்து திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். ஆடுகளை மறித்திருந்த கையை இறக்கினார்.

அக்டோபர் 20 – திங்கள், தீபாவளி

நாயுடுபுரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. விடிந்ததிலிருந்து கரையில் நிற்கிறேன். பதினொரு வண்டி வந்துவிட்டது. மத்தியானம் தங்கமுத்து வந்து, "போயிச் சாப்புடுத்தா, நான் நிக்கிறேன்" என்றார்.

மேலே பூண்டுக் காட்டிலிருந்து அண்ணன் ஒரு படம் எடுத்து போனுக்கு அனுப்பியிருக்கிறான். ஏரி, நாலு கம்பு, ஐந்தாவது கம்பாக நான்.