உங்க ரத்தத்தில் ஏறாத மஞ்சள்

தறிச் சத்தத்துக்கு நடுவிலும் என் குரலை அடையாளம் கண்டுக்கிற ராசு அண்ணாவுக்கு,

நேத்து ஆய்வகத்தில் உங்க ரத்தத்தை வெளியே எடுத்தேன். உறைபெட்டியில் மிச்சமிருந்த கடைசிக் குப்பி. நீங்க போனப்புறமும் அது மட்டும் அங்கேயே இருந்ததுங்கண்ணா.

கல்லீரலைத் தின்னுகிற காமாலைக் கிருமியைக் கீழாநெல்லிச் சாறு மடக்குமா என்று கோயமுத்தூரில் நான் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான், பல்லடத்தில் உங்களுக்கும் அதே கிருமி என்று தெரிந்தது. நான் அழுதேன். நீங்க சட்டைக் கையை மடிச்சுவிட்டீங்க.

"சோதனைக்கு ரத்தம் வேணுமில்ல? என்ர ரத்தத்துலயே பாரு அம்மணி. அடுத்தவங்களை எதுக்குக் கேக்கோணும்?"

ரத்தத்தைச் சோதனைத் தட்டின் சின்னக் குழிகளில் விட்டேன். கிருமி இருந்தால் குழியில் மஞ்சள் நிறம் ஏறும். சாறு சேர்க்காத குழியில் ஏறியது. சேர்த்த குழி தண்ணியாட்டம் தெளிவாக நின்றது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி உங்களுக்குச் சொன்னேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்துட்டீங்க.

"போயிருச்சா அம்மணி?"

"இந்தக் குழியில போயிருச்சுங்கண்ணா. உடம்புல போகுமான்னு தெரியலைங்க."

"அப்ப என்னையும் அதுக்குள்ள தூக்கிப் போட்டுரு" என்று சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையோட, அண்ணி தினமும் கீழாநெல்லி அரைச்சு மோரில் கலந்து கொடுத்தாங்க. ஒரு மடக்குகூட நீங்க மிச்சம் வைக்கலை. ஆனாலும் வயிறு வீங்கிச்சு. ஒரு காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தீங்க. பெரியாஸ்பத்திரி வாசலில், என் கையைப் பிடிச்சபடியே போயிட்டீங்க.

முடிவு சரிதானா என்று மறுபடி பார்க்கச் சொன்னார் எங்க பேராசிரியர். அது யார் ரத்தம்னு அவருக்குத் தெரியாது. குப்பியில் வெறும் எண்தானே இருக்கும்? உள்ளங்கையில் வெச்சு உருக விட்டேன். சாறு சேர்த்த குழியில் நேத்தும் மஞ்சள் ஏறலைங்கண்ணா. எல்லாரும் கைதட்டினாங்க. நான் கைகழுவுகிற குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இப்போ போகிற கிருமி, நீங்க இருந்தப்போ ஏன் போகலை?

அண்ணிக்குக் கிருமி இல்லைங்க. பாப்பாவுக்கும் இல்லை. தடுப்பூசி போட ஆரம்பிச்சாச்சு. பாப்பா ஊசிக்கு அழாமல், என்னைப் பார்த்து "அப்பா எங்கே"ன்னுதான் அழுதாள்.

நேத்து சாயங்காலம் எங்க சோதனையைக் கேள்விப்பட்டு, சென்னிமலையிலிருந்து ஒரு அம்மா, மகனைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. "இந்தக் கீழாநெல்லியைக் குடிச்சா நல்லாயிருமுங்களா?" அவன் கண்ணில் அத்தனை மஞ்சள். இன்னும் தெரியாதுன்னு சொல்லி, நானே கூடப் போய் டாக்டரிடம் விட்டுட்டு வந்தேன்.

சத்தியமாகச் சொல்றேங்கண்ணா. ஒரு மனுச உடம்பு இதனால் தேறுவதைப் பார்க்காமல், யாரிடமும் "குணமாகும்" என்று சொல்ல மாட்டேன். அதைப் பார்க்கிற வரைக்கும் இந்த வேலையை விடவும் மாட்டேன்.

உங்க கூடப்பொறந்தவ,
சரசு